வறண்ட குளிர்

எங்கள் ஊரில் குளிர் கிடையாது. வெளியூர்க்காரர்கள் இதை நம்புவதில்லை. அவர்களை நம்பவைப்பதற்காகவே பருவநிலை மற்றும் விழாக்கள் வரவேற்பு வாரியம் என்று ஒன்றை வைத்திருக்கிறோம். அந்த வாரியத்தின் வேனை ஓட்டுவது என் வேலை. பெயர் மைரன். மேற்குச் சமவெளியில் இந்த ஊர் முளைத்த காலத்திலிருந்து எங்கள் குடும்பம் இங்கேதான் இருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் இதுவரை குளிர்ந்ததில்லை. என் பெரியப்பாவுக்கு இடது காதில் பாதி இல்லை. ஒரு ஜனவரி மாதம் பால் வாங்கப் போனபோது அதை எங்கோ விட்டுவிட்டு வந்தார் என்று வீட்டில் சொல்லிக்கொள்வோம்.

மைனஸ் நாற்பது வருவது உண்மைதான். அதை நாங்கள் மறைப்பதில்லை. செல்சியஸ், ஃபாரன்ஹீட் இரண்டு கணக்கும் ஒன்றாகச் சேரும் இடம் அது என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் அது வறண்ட குளிர். வறண்ட குளிர் உடம்பில் ஏறாது. எலும்புக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்வது கடலோரத்து ஈரக் குளிர்தான். அதனால் கிழக்கே கடற்கரையிலிருந்து யாராவது வந்தால் அவர்களை உட்காரவைத்து ஆறுதல் சொல்வோம். மைனஸ் ரெண்டாமே, அதுவும் ஈரத்தோடாமே, பாவம், எப்படித்தான் காலம் தள்ளுகிறீர்கள் என்று கேட்போம். இமைகள் உறைந்து ஒட்டிக்கொண்ட நிலையில் அவர்கள் பதில் பேசாமல் நிற்பார்கள். ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வோம்.

அம்ப்ரோஸ் பெக்ஃபோர்ட் வந்தது குளிர்கால விழாவின் கடைசி வாரத்தில். குளிர்காலம் என்ற சொல்லை வாரியம் பயன்படுத்தாது. 'உற்சாகப் பருவ விழா' என்றுதான் எழுத வேண்டும். அம்ப்ரோஸ் கிழக்குத் தீவுக்காரர், வயது எழுபதை நெருங்கும், மீன்பிடிப் படகை விற்றுவிட்டு வீட்டில் இருந்தவர். தன் தம்பி கிளெமென்டின் உடலை ஊருக்குக் கொண்டுபோக வந்திருந்தார்.

கிளெமென்ட் பிழைப்புக்காகப் பல வருஷத்துக்கு முன் இங்கே வந்தவர். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். தொழிற்சாலையை மூடினார்கள். பிறகு கிடைத்த வேலையைச் செய்துகொண்டு ஒரு வாடகை அறையில் இருந்தார். விழா நெருங்கியதும், விருந்தினர்களுக்கு அறை வேண்டும், விழா முடிந்ததும் திரும்பி வா என்று அறைக்காரர் அவரை வெளியே அனுப்பினார். நடுவில் இருக்கும் நாட்களை எங்கே கழிப்பது என்று அவர் சொல்லவில்லை, கிளெமென்டும் கேட்கவில்லை போலிருக்கிறது. உறைந்த ஆற்றின் மேல் நாங்கள் விழாவுக்காகக் கட்டும் குடில்களில் ஒன்றில் அவர் இறந்துபோனார்.

விழா வளாகத்தில் இறந்ததால் மருத்துவமனை அந்த விஷயத்தை எங்கள் வாரியத்திடம் தள்ளிவிட்டது. வெளியூரிலிருந்து வரும் ஆளை வரவேற்க வாரியத்துக்கு ஒரே ஒரு முறைதான் தெரியும். அதற்கு 'அறிமுகம்' என்று பெயர். சுற்றுலா வருகிறவர், வேலைக்கு வருகிறவர், பிணம் எடுக்க வருகிறவர் என்று வாரியம் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பியை என் கையில் கொடுத்து விமான நிலையத்துக்கு அனுப்பினார்கள்.

அம்ப்ரோஸ் கறுப்புக் கோட்டோடு ஒரு சின்னப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் தொப்பியை அவர் தலையில் மாட்டினேன். பூப்போட்ட பாவாடை உடுத்திய இரண்டு பெண்கள் ஊதுகுழல் ஊதினார்கள். வலது கையைத் தூக்கச் சொன்னேன். உடலை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சடங்கு என்று நினைத்தாரோ என்னவோ, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு கையைத் தூக்கினார். தொப்பி தலையில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி மறுபடி மாட்டினேன். நான் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார். 'இந்த ஊரின் வானிலையை என் சொந்த வானிலையாக ஏற்கிறேன். இது வறண்ட குளிர். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.'

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவர் கையை இறக்கி, "என் தம்பி எங்க இருக்கான், மகனே?" என்று கேட்டார்.

அவர்கள் தீவில் ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் மகனே என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு ஐம்பத்தைந்து வயது. இருந்தாலும் அப்படிக் கூப்பிட்டது நன்றாகத்தான் இருந்தது. தம்பியைப் பார்ப்பது மறுநாள்தான், இன்று பருவநிலை வகுப்பு என்று சொன்னேன்.

வழியில் வீட்டு வாசல்களில் கால்சட்டைகள் தாமாக நின்றுகொண்டிருந்தன. இது எங்கள் விழாவின் வேடிக்கைகளில் ஒன்று. பழைய ஜீன்ஸை நனைத்து வெளியே வைத்தால் ஆள் இல்லாமலே விறைத்து நிற்கும். யார் வீட்டு வாசலில் அதிகம் நிற்கிறதோ அவர்களுக்குப் பரிசு. அம்ப்ரோஸ் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு கால்சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

வாரியத்தின் கூடத்தில் ஹீட்டரை எப்போதும் முழு வேகத்தில் வைத்திருப்போம். வகுப்பு எடுப்பவர் இயக்குநர் லோர்னா கில்ஃபாய்ல். அரைக்கைச் சட்டையில்தான் வருவார், கையில் விசிறி இருக்கும். அன்றைக்கு இருபது பேர் இருந்தார்கள். பனியில் ஊற்றி இறுக்கிய மேப்பிள் மரப்பாகைக் குச்சியில் சுற்றி ஆளுக்கு ஒன்று கொடுத்தோம். லோர்னா வழக்கம்போல ஈரக் குளிரின் கொடுமைகளில் ஆரம்பித்து, வறண்ட குளிர் மூளையைச் சுறுசுறுப்பாக்கும், தோலை இறுக்கும், குடும்பத்தை ஒற்றுமையாக்கும் என்று முடித்தார்.

"இந்த ஊர்ல குளிரால யாரும் செத்ததில்ல" என்றார். "சில பேரு வேற காரணத்துக்காக, இந்தப் பருவத்துல, வெளிய இருக்கும்போது இறந்துபோறாங்க. அது எல்லா ஊர்லயும் இருக்கறதுதான்."

அம்ப்ரோஸ் எழுந்து நின்றார். பாகுக் குச்சி அவர் கையிலேயே இருந்தது. "என் தம்பி உறைஞ்சு போயிட்டாம்மா" என்றார்.

லோர்னா கோபப்படவில்லை. இரக்கத்தோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "உறையறதுக்குத் தண்ணி வேணும் சார். எங்க காத்துல தண்ணியே கிடையாது. அப்போ அந்தத் தண்ணி எங்கேர்ந்து வந்துச்சுன்னு யோசிச்சுப் பாத்தீங்களா?"

அம்ப்ரோஸ் யோசித்துப் பார்த்தார். அவருக்கு விளங்கவில்லை.

விளக்கம் மருத்துவ அதிகாரியிடமே தயாராக இருந்தது. கிளெமென்டின் எலும்பில் தீவின் ஈரம் ஊறியிருந்தது, இத்தனை வருஷம் இங்கே இருந்தும் காயவில்லை, உறைந்தது அந்த ஈரம்தான், எங்கள் ஊர் வெறும் சாட்சி. மரணக் காரணம் 'இடம்பெயர்ந்த ஈரம்' என்று பதிவாகியிருந்தது. லோர்னா இதைச் சொல்லிவிட்டு, வாரியத்தின் அனுதாபம் முழுக்கத் தீவின் பக்கம்தான் இருக்கிறது என்றார். வகுப்பில் இருந்த மற்றவர்களும் அம்ப்ரோஸை இரக்கத்தோடு பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய பேச்சு, அந்த நேரத்தில் எனக்கும் சரியென்றுதான் பட்டது.

மறுநாள் காலையில் அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். உள்ளே போனவர் சீக்கிரம் வந்துவிட்டார். கிளெமென்டை உட்கார்ந்த நிலையில்தான் கொண்டுவந்தார்களாம், நேராகப் படுக்கவைக்க இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருந்ததாம். ஊழியர் ஒருவர் அதை மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்கால விமானத்தில் இருவரும் போகலாம் என்று ஏற்பாடாகியிருந்தது. அம்ப்ரோஸ் வேனில் ஏறி உட்கார்ந்து, "முழங்கால் இன்னும் மடங்கித்தான் இருக்கு" என்றார்.

அடுத்து ஆற்றங்கரையில் அப்பக் காலை உணவு என்று சொன்னேன்.

விழாவில் ஊரே வந்து தின்னும் இலவச அப்பம் அது. தட்டில் விழுந்ததும் வாய்க்குள் போக வேண்டும், ஒரு பேச்சு பேசிவிட்டுத் தின்றால் பல் உடையும். பக்கத்து மேடையில் உறைதாடிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. மூச்சுக்காற்று தாடியில் பட்டு யாருக்கு நீளமாகப் பனி தொங்குகிறதோ அவருக்குக் கோப்பை. அம்ப்ரோஸ் அப்பத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி நின்று அழுதார். சத்தம் வரவில்லை. கண்ணீர் இறங்கி இறங்கித் தாடியில் உறைந்துகொண்டே போனது. நான் அவரை ஓரமாகக் கூட்டிப்போவதற்குள் நடுவர்கள் பார்த்துவிட்டார்கள். அவரை மேடையில் ஏற்றி மூன்றாம் பரிசு கொடுத்தார்கள். மூச்சால் மட்டும் இவ்வளவு தெளிவான பனி வராது, முதல் பரிசே தந்திருப்போம், ஆனால் கண்ணிலிருந்து வந்தது ஈரக் கணக்கில் சேர்கிறது என்று நடுவர் ஒலிபெருக்கியில் விளக்கினார். கூட்டம் நியாயம் என்று தலையாட்டியது. எனக்கு அசிங்கமாக இருந்தது. இந்த ஊரில் அப்படி இருந்தது அதுதான் முதல் தடவை.

அம்ப்ரோஸ் கோப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, தம்பி உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டச் சொன்னார்.

ஆற்றின் மேல் வரிசையாகக் குடில்கள் நின்றன. ஒவ்வொரு வருஷமும் பெரிய பெரிய கட்டடக் கலைஞர்கள் போட்டி போட்டு வடிவமைப்பார்கள். கிளெமென்ட் போனது அந்த வருஷம் முதல் பரிசு வாங்கிய குடிலுக்கு. நாலு பக்கமும் கண்ணாடித் தகடு, கதவு இல்லை, கூரையும் இல்லை. நடுவில் ஒரு பெஞ்சு. சுவரில் சிவப்பு விளக்கு மினுங்கி மினுங்கி எரியும், கரையிலிருந்து பார்த்தால் உள்ளே நெருப்பு போட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். வாசலுக்கு மேலே பெரிய எழுத்தில் பலகை: 'வெப்பக் குடில்'.

குடிலை வடிவமைத்த பாஸ்டியன் கார் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்ப்ரோஸ் உள்ளே போய்ப் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தார், சுவரைத் தடவிப் பார்த்தார், சிவப்பு விளக்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு, "அடுப்பு எங்க, மகனே?" என்று பாஸ்டியனைக் கேட்டார்.

பாஸ்டியனுக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. "எல்லாரும் இதத்தான் கேக்கணும்னு நான் ஆசப்பட்டேன்" என்றார். "அடுப்பு வெச்சுட்டா இது வெறும் குடிசையாயிடும் சார். இல்லாத சூட்ட நீங்க தேடறீங்க பாருங்க, அந்தத் தேடல்தான் சூடு."

"பலகைல வெப்பம்னு எழுதியிருக்கே."

"அது கேள்வி சார். கேள்விக்குறி போட்டா அழகு கெட்டுடும்னு விட்டுட்டோம்."

மிச்சத்தை நான்தான் அம்ப்ரோஸிடம் சொன்னேன். யாராவது சொல்லியாக வேண்டுமே. கிளெமென்ட் அந்தப் பெஞ்சில் ஒரு முழுப் பகல் உட்கார்ந்திருந்தார். விழாவுக்கு வந்தவர்கள் அவரும் கலையில் ஒரு பகுதி என்று நினைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்குத்தான் அந்தக் குடிலுக்கு வாக்குகள் குவிந்தன. 'அமர்ந்திருக்கும் மனித உருவம் வெப்பம் என்ற கருத்தை இரக்கமில்லாமல் விசாரிக்கிறது' என்று நடுவர் குழு பாராட்டி எழுதியது. ஒரு பெண்மணி கலைஞரைப் பாராட்டுவதாக நினைத்துக் கைகுலுக்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது.

அம்ப்ரோஸ் கேட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். தீவில் கடை என்று பலகை போட்டிருந்தால் உள்ளே கடை இருக்கும், தம்பி அங்கே வளர்ந்தவன், பலகையைப் படித்துவிட்டு உள்ளே போயிருப்பான் என்றார். தம்பி போனது போகட்டும். இன்னொருத்தன் இதைப் படித்துவிட்டு உள்ளே வரக்கூடாது. எனக்கு வேறு எதுவும் வேண்டாம், மன்னிப்பு வேண்டாம், அந்தப் பலகையை மட்டும் கழற்றிவிடச் சொல் என்றார். வார இறுதியில் மறுபடி மைனஸ் நாற்பது வரப்போவதாக வானொலியில் சொல்லியிருந்தார்கள். அவருக்கு அந்த அவசரம்தான்.

அன்று மத்தியானமே வாரியம் கூடியது. அறிமுகத்துக்கு வந்த விருந்தினர் யோசனை சொன்னால் கேட்க வேண்டும் என்பது விதி. பலகையைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் உள்ளே ஒரு அடுப்பு வையுங்கள் என்று அம்ப்ரோஸ் சுருக்கமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வாரியத்து உறுப்பினர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். அடுப்பு வைத்தால் குளிர் இருப்பதாக நாமே ஒப்புக்கொண்டது போலாகும் என்றார் ஒருவர். பலகையைக் கழற்றினால் இதுவரை அது பொய்யாக இருந்தது என்றாகும் என்றார் இன்னொருவர். குடிலில் மனிதர்கள் நுழைவதைத் தடுத்தால் போதுமே என்று மூன்றாமவர் சொன்னார். பார்வையாளர் இல்லாமல் கலை எப்படி என்று அவரை மற்றவர்கள் கண்டித்தார்கள். கிளெமென்ட் முறையாக அனுமதிச் சீட்டு எடுத்துத்தான் உள்ளே போனாரா என்ற கேள்வியும் எழுந்தது.

அம்ப்ரோஸ் ஜன்னல் வழியாக வாகன நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பிளக் உண்டு. வண்டியை நிறுத்தியதும் முன்பக்கம் தொங்கும் ஒயரை எடுத்துக் கம்பத்தில் செருகிவிட வேண்டும், அப்போதுதான் எஞ்சின் உறையாமல் சூடாக இருக்கும். வரிசையாக எல்லா வண்டியும் செருகியிருந்தது.

"வண்டிக்கெல்லாம் சூடு வெச்சிருக்கீங்களேம்மா" என்றார் லோர்னாவிடம்.

"வண்டிக்கு மன உறுதி கிடையாது சார்" என்றார் லோர்னா. "எங்க ஜனங்களுக்கு இருக்கு. நாங்க அவங்கள நம்பறோம். ஒவ்வொரு மூலையிலயும் அடுப்பு வெச்சு அவங்கள அவமானப்படுத்த மாட்டோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். விஷயத்தை அடுத்த வருஷத்துக்கு ஒத்திவைத்தார்கள்.

மறுநாள் என் வேனின் கருவிப் பெட்டியிலிருந்து அம்ப்ரோஸ் ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டார். என்னிடம் கேட்கவில்லை, நானும் பார்க்காதது போல இருந்தேன். குடிலுக்குப் போய் ஏணி வைத்து ஏறினார். பலகையின் திருகுகள் ஒவ்வொன்றும் உறைந்து இறுகியிருந்தன. கையுறையோடு பிடி கிடைக்கவில்லை என்று கழற்றிவிட்டார். இரண்டு விரலின் தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டு உரிந்தது. கீழே நின்று வேடிக்கை பார்த்தவர்கள் இதுவும் நிகழ்ச்சி என்று படம் எடுத்தார்கள். பலகையை இறக்கி, முதுகில் சுமந்துகொண்டு வாரியத்தின் அலுவலகத்துக்கு நடந்தார். லோர்னாவின் மேசையில் அதைச் சாய்த்துவைத்து, "நீங்க ஒத்திவெச்சீங்க. நான் கழட்டிட்டேன். போலீஸக் கூப்பிடுங்க" என்றார்.

போலீஸைக் கூப்பிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லோர்னாவின் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து அவருடைய உரிந்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் இவ்வளவு ஈடுபாட்டோடு விழாவில் பங்கேற்று நான் பார்த்ததில்லை என்றார். உங்கள் வேதனை எங்களுக்குப் புரிந்துவிட்டது, அந்தப் பலகை சரியில்லைதான், அதில் உங்கள் தம்பிக்கு இடமே இல்லையே என்றார். ஞாயிற்றுக்கிழமை நிறைவு விழாவில் எல்லாம் சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுத்தார்.

அம்ப்ரோஸ் அதை நம்பினார். பலகை போய்விட்டது, ஏதோ ஒரு மரியாதை செய்யப்போகிறார்கள், செய்துவிட்டுப் போகட்டும் என்று என்னிடம் சொன்னார். அன்றைக்கு என் வீட்டில் சாப்பிட்டார். உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டையை ரசித்துத் தின்றார். தம்பி தூண்டில் போட்டு மீனுக்குப் பதிலாகத் தன் அப்பாவின் தொப்பியைப் பிடித்த கதையைச் சொல்லிச் சிரித்தார்.

ஞாயிறு அன்று மைனஸ் நாற்பது வந்தது. கூட்டம் ஆற்றில் நிறைந்திருந்தது. கிளெமென்டின் பெட்டி மருத்துவமனையிலிருந்து வந்து என் வேனில் இருந்தது. விழா முடிந்ததும் நேராக விமான நிலையம் என்பது திட்டம். குடிலின் வாசலுக்கு மேலே துணி போட்டு மூடியிருந்தார்கள். லோர்னா மேடையில் பேசினார்.

"நம்ம ஊருக்கு ஈரத்தோட வந்த ஒரு மனுஷன், நம்ம குடில்ல வந்து உட்காந்து, தன் கடைசி மூச்சுவரைக்கும் நம்ம விழாவுல இருந்தாரு. அவருக்கு வீடு இல்லன்னு சில பேரு சொல்றாங்க. நான் கேக்கறேன், இது வீடு இல்லையா? இன்னைலேர்ந்து இது அவரோட வீடு."

கயிற்றை அம்ப்ரோஸ் கையில் கொடுத்தார்கள். அவர் இழுத்தார். துணி விழுந்தது. பழைய பலகையைவிட இரண்டு மடங்கு பெரிய புதிய பலகை, சுற்றிலும் மஞ்சள் விளக்கு. 'கிளெமென்ட் பெக்ஃபோர்ட் நினைவு வெப்பக் குடில். அனைவரும் வருக.' கரையிலிருந்து குடில் வரை வழிகாட்டும் அம்புக்குறிகள் புதிதாக நட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் கிளெமென்டின் பெயர் இருந்தது. ஊதுகுழல் ஊதினார்கள்.

அம்ப்ரோஸ் கயிற்றைக் கையில் பிடித்தபடியே நின்றார். கூட்டம் அப்பமும் சூப்பும் தேடிக் கரையேறியது. ஆறு சீக்கிரமே காலியாகிவிட்டது. எங்களுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, நான் அவர் தோளைத் தொட்டேன். அப்போது கரையிலிருந்து ஒரு பெண் அம்புக்குறியைப் பார்த்துப் பார்த்து இறங்கி வந்தாள். இரண்டு கையிலும் துணிப்பை. காலில் ரப்பர் செருப்பு, அதற்குள் ஏகப்பட்ட காலுறை. பலகையை அண்ணாந்து படித்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அம்ப்ரோஸ் அவள் பின்னாலேயே போனார். "எந்திரிம்மா. இங்க சூடு கிடையாது" என்றார்.

"கொஞ்ச நேரத்துல வரும்" என்றாள் அவள். "போன வாரம் வெறும் வெப்பக் குடில்னு போட்டிருந்துச்சு, நான் நம்பல. இவங்க எதையாவது எழுதுவாங்க. இப்போ ஒரு ஆளு பேரு இருக்கு. யாரோ ஒரு மனுஷன் கட்டிக் குடுத்திருக்காரு. பேரு போட்டவரு ஏமாத்த மாட்டாரு."

"மாட்டான்தான்" என்றார் அம்ப்ரோஸ். "அவன் ஏமாத்தறவன் இல்ல. நீ எந்திரி தாயி, அவன் அண்ணன் சொல்றேன்."

அவளை எழுப்பிக் கூட்டிவந்து வேனில் முன்சீட்டில் உட்காரவைத்தோம். ஹீட்டரை முழுதாகத் திருப்பினேன். பின்னால் இருந்த பெட்டியை அவள் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். போகும் வழியில் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் விட்டுவிடலாம், கால் விரலைக் காட்டினால் விடியும் வரை உட்காரவைப்பார்கள் என்றேன். அம்ப்ரோஸ் வேனில் ஏறவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்புக்குறிகள் கரை நெடுக மஞ்சளாக எரிந்தன.

"நீ அவன ஏத்தி விட்டுடு, மகனே. அங்க என் தங்கச்சி வந்து எடுத்துக்குவா" என்றார்.

விமானம் போய்விடும், நாளைக்கு வாரியத்தில் பேசிப் பார்க்கலாம், இந்தக் குளிரில் எத்தனை நேரம் நிற்பீர்கள் என்று நான் கத்தினேன். அவர் தன் உரிந்த கையை என் கன்னத்தில் வைத்தார். என் கோட்டையும் கையுறைகளையும் கழற்றி அவரிடம் கொடுத்தேன். பெண்ணை அவசரப் பிரிவில் விட்டுவிட்டுப் பெட்டியோடு விமான நிலையம் போனேன்.

சரக்குப் பிரிவில் ஒரு இளைஞன் பெட்டியை வாங்கிக்கொண்டான். ஒட்டியிருந்த சீட்டில் பெயரைப் படித்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"அந்தக் குடில் கட்டினவரா? வானொலில சொன்னாங்க" என்றான். "புண்ணியவான். என் மச்சான் குடிச்சுட்டு வந்தான்னு அக்கா வீட்ட விட்டுத் தொரத்திட்டா. எங்க போறதுன்னு போன் பண்ணினான். கிளெமென்ட் குடிலுக்குப் போடா, சூடா இருக்கும்னு இப்பத்தான் சொன்னேன்."

"மறுபடி போன் பண்ணு" என்றேன். "வாசல்ல ஒரு பெரியவரு நிப்பாரு. அவரு என்ன சொன்னாலும் கேக்கச் சொல்லு."